நிறைமாதத்தின் குறிகள்: கரோல் பாக்கில் ஒரு நூற்றாண்டு

கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் பெண்ணின் உடம்பில் ஏற்படும் மாற்றங்களில் பாதி, அவளே சொல்லித் தெரிபவை. நெஞ்சு கரிக்கிறது, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, சாயங்காலமானால் பாதம் வீங்கிச் செருப்பு நுழைய மாட்டேன் என்கிறது, வயிற்றுத் தோல் அரிக்கிறது, ராத்திரி நாலைந்து தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. மற்ற பாதி சத்தமில்லாமல் நடப்பவை. ரத்த அழுத்தம் ஏறுவதும், சிறுநீரில் புரதம் இறங்குவதும், ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைவதும் பல நாள் அவளுக்கே தெரியாது. முதல் வகையைப் பற்றிய அறிவு ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையது. இரண்டாம் வகை அறிவுக்கு வயது நூற்றெண்பதை ஒட்டியது. டெல்லியின் கரோல் பாக் வட்டாரத்தில் இவை இரண்டும், ஒன்று போன பிறகு மற்றொன்று என்றில்லாமல், ஒரே தெருக்களில் ஒரே காலத்தில் புழங்கின.

புது டெல்லியைக் கட்டியபோது கனாட் பிளேஸுக்காக இடம் எடுக்கப்பட்ட மாதோகஞ்ச், ஜெய்சிங்புரா, ராஜா கா பஜார் ஆகிய ஊர்களின் மக்கள் மேற்கே அனுப்பப்பட்டார்கள். பாறையும் புதருமாகக் கிடந்த கரோல் பாக் அப்படித்தான் குடியிருப்பானது. அங்கே மருத்துவம் அதற்கும் முன்பே கால் ஊன்றிவிட்டது. பழைய டெல்லியின் புகழ்பெற்ற யுனானி குடும்பத்தைச் சேர்ந்த ஹக்கீம் அஜ்மல் கானின் முயற்சியால், ஆயுர்வேத யுனானி திப்பியா கல்லூரிக்கு 1916 மார்ச் 29 அன்று வைஸ்ராய் ஹார்டிஞ்ச் அடிக்கல் நாட்டினார். ஐந்தாண்டு கழித்து, 1921 பிப்ரவரி 13 அன்று, அதைத் திறந்து வைத்தவர் காந்தி. அடிக்கல்லுக்கு வைஸ்ராய், திறப்புக்குக் காந்தி என்பதிலேயே அந்த ஐந்தாண்டில் நாடு எவ்வளவு மாறியிருந்தது என்பது தெரியும். கரோல் பாக்கின் பெரிய கடைத்தெரு இன்றும் அஜ்மல் கான் பெயரில்தான் இருக்கிறது.

கர்ப்பிணிகள் விஷயத்தில் அஜ்மல் கானின் அக்கறை கல்லூரிக்கும் முந்தியது. 1909-லேயே அவர் பழைய டெல்லியில் பெண்களுக்கென்று ஒரு மருத்துவப் பள்ளியை நடத்தத் தொடங்கினார். மகப்பேறு பார்ப்பதே அங்கே முக்கியப் பாடம். பர்தாவுக்குள் இருந்த பெண்ணை ஆண் ஹக்கீம் நாடி பிடித்துப் பார்ப்பதே அரிது. வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது நடக்காத காரியம். ஆகவே நூலறிவு ஆண்களிடமும், கையறிவு படிக்காத மருத்துவச்சியிடமும் தனித்தனியாகத் தங்கிவிட்டன. இரண்டையும் ஒரு பெண்ணிடம் சேர்க்கும் முயற்சி அது.

அந்த நூலறிவு எப்படிப்பட்டது என்பதை, திப்பியா கல்லூரியில் ஆயுர்வேத மாணவர்கள் படித்த சரக சம்ஹிதையிலிருந்தே பார்க்கலாம். அதன் சாரீர ஸ்தானம் என்னும் பகுதி கர்ப்பத்தை மாதம் மாதமாகச் சொல்லிக்கொண்டு போகிறது. ஏழாம் மாதத்தில் ஒரு சின்ன வழக்கு வருகிறது. குழந்தைக்கு முடி முளைப்பதால்தான் தாய்க்கு எரிச்சல் உண்டாகிறது என்று பெண்கள் சொல்கிறார்கள். நூலில் குருவாகப் பேசும் ஆத்ரேயர் அதை மறுக்கிறார். வளரும் கரு அழுத்துவதால் வாத பித்த கபங்கள் மேலேறி நெஞ்சை அடைகின்றன, அதனால் எரிச்சல், எரிச்சலிலிருந்து அரிப்பு, அரிப்பிலிருந்து தோலில் வரிகள் என்பது அவர் தரும் காரணம். சொறியக் கூடாது, தோல் கெட்டுவிடும் என்ற எச்சரிக்கையும், சந்தனமும் தாமரைத் தண்டும் அரைத்துப் பூசும் சிகிச்சையும் கூடவே வருகின்றன.

தோஷங்களை எடுத்துவிட்டால், ஆத்ரேயரின் விளக்கத்தில் மிஞ்சும் அழுத்தம் இன்றைய பாடப்புத்தகத்திலும் உண்டு. கர்ப்பம் தரிக்காதபோது 70 கிராம் எடையும் இல்லாத கருப்பை, நிறைமாதத்தில் 1 கிலோவைத் தாண்டுகிறது. 36-ஆவது வாரத்தில் அதன் மேல்விளிம்பு நெஞ்செலும்பின் முனையைத் தொடுகிறது. இரைப்பை மேலே தள்ளப்படுகிறது. புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோன், உணவுக்குழாயின் அடியிலுள்ள தசை வளையத்தைத் தளர்த்துகிறது. அமிலம் மேலேறுகிறது. பெண்கள் சொன்னதும் அப்படியே தோற்றுவிடவில்லை. 2006-இல் அமெரிக்காவில் 64 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு, நெஞ்செரிச்சல் கடுமையாக இருந்தவர்களின் குழந்தைகளுக்குத் தலைமுடி அடர்த்தியாகவே இருந்ததைக் கண்டது. ஒரே ஹார்மோன்கள் இரண்டையும் செய்யலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். சின்ன ஆய்வுதான், ஆனாலும் ஆத்ரேயர் அந்தப் பெண்களிடம் இன்னும் கொஞ்சம் பொறுமையாகப் பேசியிருக்கலாம்.

எட்டாம் மாதத்தைப் பற்றி ஆயுர்வேதமும் யுனானியும் ஒரே குரலில் பேசின. ஓஜஸ் என்னும் உயிர்ச்சத்து அந்த மாதத்தில் தாய்க்கும் சேய்க்கும் இடையே நிலைகொள்ளாமல் போய்வருகிறது, அதனால்தான் தாய் ஒரு நேரம் மகிழ்ச்சியாகவும் ஒரு நேரம் வாட்டமாகவும் இருக்கிறாள், அப்போது பிறக்கும் குழந்தைக்கு ஆபத்து என்றது சரகம். யுனானியின் கிரேக்க மூலத்தில், எட்டாம் மாதக் குழந்தையைப் பற்றியே ஹிப்போகிரட்டீஸ் பெயரில் ஒரு தனி நூல் இருக்கிறது. ஏழாம் மாதத்தில் பிறந்தது பிழைக்கலாம், எட்டாம் மாதத்தில் பிறந்தது பிழைக்காது என்பது அதன் வாதம். தமிழ்நாட்டுப் பாட்டிமார்கள் சொன்னதும் இதுவே. மூவருக்கும் ஒரே தவறு. வயிற்றில் ஒவ்வொரு வாரம் கூடும்போதும் குழந்தை பிழைக்கும் வாய்ப்பும் கூடுகிறது. அதன் நுரையீரல் ஏழாம் மாதத்தைவிட எட்டாம் மாதத்தில் நன்றாகவே முதிர்ந்திருக்கும். நாள் கணக்கு தெரியாத காலத்தில், நிறைமாதத்துக்குப் பக்கத்தில் பிறந்து பிழைத்த குழந்தைகளை ‘ஏழு மாதம்’ என்று சொல்லிவிடக் குடும்பங்களுக்குச் சில சமயம் காரணமும் இருந்தது.

பேறுகாலம் நெருங்கும் குறிகளைச் சொல்லும் இடத்தில்தான் சரகத்தின் கண் கூர்மையாக இருக்கிறது. கைகால் சோர்வு, முகவாட்டம், நெஞ்சைக் கட்டியிருந்த கட்டு அவிழ்ந்ததுபோன்ற உணர்வு, வயிறு இறங்குதல், கீழ்ப்பக்கம் கனத்தல், தொடைச்சந்திலும் இடுப்பிலும் முதுகிலும் குத்தல், திரவம் கசிதல், சாப்பாட்டில் விருப்பமின்மை என்று அது வரிசைப்படுத்துகிறது. கட்டு அவிழும் உணர்வும் வயிறு இறங்குவதும் ஒரே நிகழ்ச்சியின் இரண்டு முகங்கள். முதல் பிரசவத்தில் பெரும்பாலும் கடைசிச் சில வாரங்களுக்குள் குழந்தையின் தலை இடுப்புக்கூட்டுக்குள் இறங்குகிறது. அதுவரை 4 சென்டிமீட்டர் அளவுக்கு மேலே தள்ளப்பட்டிருந்த உதரவிதானத்துக்கு இடம் கிடைக்கிறது. மூச்சு லேசாகிறது, நெஞ்செரிச்சல் குறைகிறது. பதிலுக்குப் பாரம் சிறுநீர்ப்பையின் மேல் விழுகிறது. ‘வயிறு இறங்கிடுச்சு, இனி நாள் இல்லை’ என்று தமிழ் வீடுகளில் சொல்வது இதைத்தான்.

இதே குறிகளைக் கையால் படித்தவள் தாயி எனப்பட்ட டெல்லி மருத்துவச்சி. ஏழாம் மாதம் தொடங்கி வீட்டுக்கு வந்து, கடுகெண்ணெயோ நெய்யோ தடவி வயிறு பார்ப்பாள். தலை எங்கே, முதுகு எந்தப் பக்கம் என்று சொல்வாள். அந்த அறிவு பல வேளை சரியாக இருந்தது. அவளிடம் இல்லாதது சுத்தத்தின் அறிவு. கழுவாத கையும் கண்ட கத்தியும் தாயைக் காய்ச்சலுக்கும் சேயை ஜன்னிக்கும் கொடுத்தன. 1903-இல் கர்சன் சீமாட்டி விக்டோரியா நினைவு நிதியைத் தொடங்கியது, பரம்பரை மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுக்கத்தான். 1918-இல் டெல்லியில் சுகாதார விசிட்டர்களைப் பயிற்றும் பள்ளி தொடங்கியது; பிறகு அது லேடி ரீடிங் பெயரைப் பெற்றது. வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணியைப் பார்க்கும் பெண் ஊழியர் என்ற பழக்கம் நகரத்துக்கு இவ்வழியாக வந்தது. பெண்களுக்கென்றே பெண் டாக்டர்களை உருவாக்கும் லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரி 1916-இல், திப்பியா கல்லூரிக்கு அடிக்கல் விழுந்த அதே ஆண்டில், திறக்கப்பட்டது. கரோல் பாக்கிலிருந்து அது டோங்கா தூரம்.

நூல்களுக்கும் மருத்துவச்சிக்கும் ஒன்றாகவே பிடிபடாத ஒரு வித்தியாசம் வாத்து நடையில் இருந்தது. நிறைமாதத்தில் ரிலாக்சின் முதலிய ஹார்மோன்களால் இடுப்பெலும்புகளைச் சேர்க்கும் தசைநார்கள் தளர்கின்றன. உடம்பின் பாரம் முன்னே சாய, முதுகு பின்னே வளைகிறது. கால்களை அகட்டி, பக்கத்துக்குப் பக்கம் சாய்ந்தபடி நடப்பது இயல்பு. ஆனால் வட இந்திய நகரங்களில் அதே நடை ஒரு நோயின் முதல் அடையாளமாகவும் இருந்தது. எலும்பு மெலிவு நோயில், வைட்டமின் டி இல்லாமல் எலும்பு மிருதுவாகி, இடுப்புக்கூடு நெளிந்து, குழந்தை வெளியே வர வழியே இல்லாமல் போகும். காஷ்மீரில் பணியாற்றிய டாக்டர் கேத்லீன் வாகன், படகில் வெயில்பட வாழும் ஏழைப் பெண்களுக்குச் சுகப்பிரசவம் ஆவதையும், வசதியான வீட்டின் திரைக்குள் வாழ்பவர்களுக்கு ஆகாததையும் ஒப்பிட்டு, பர்தாவும் வெளிச்சமின்மையுமே காரணம் என்று 1928-இல் புத்தகம் எழுதினார். நாற்புறமும் சுவர் எழும்பிய பழைய டெல்லியின் சந்துகளோடு பார்த்தால், முற்றமும் மொட்டை மாடியும் வைத்துக் கட்டப்பட்ட கரோல் பாக்கின் வெஸ்டர்ன் எக்ஸ்டென்ஷன் வீடுகளில் கர்ப்பிணியின் மேல் வெயிலாவது பட்டது.

அந்த வீடுகளின் மாடிப் பகுதிகளில் வாடகைக்கு வந்தவர்களில் தமிழர்கள் கணிசம். செக்ரட்டேரியட்டில் குமாஸ்தாவாகவும் ஸ்டெனோகிராஃபராகவும் வேலைக்கு வந்த தென்னிந்தியர்களை ஊர் ஒட்டுமொத்தமாக ‘மதராஸி’ என்றது. அவர்கள் பிள்ளைகளுக்காக 1923-இல் ஒரு கல்விச் சங்கம் அமைத்தார்கள். இன்றைய டெல்லி தமிழ்க் கல்விக் கழகம் அதன் தொடர்ச்சி. பூசா ரோடில் அதற்கு ஒரு பள்ளி உண்டு. பிள்ளைகளுக்குப் பள்ளி டெல்லியில் கிடைத்துவிட்டது. பிள்ளைப்பேறு மட்டும் வெகுகாலம் ஊரிலேயே நடந்தது.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். 1929-இல் ஓடத் தொடங்கிய கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் டெல்லியிலிருந்து சென்னைக்குச் சுமார் 2,180 கிலோமீட்டர், இரண்டு இரவு. அங்கிருந்து கும்பகோணமோ பாலக்காடோ போக இன்னொரு ரயில். ஆகவே டெல்லித் தமிழ்க் குடும்பத்தில் ஏழாம் மாதம் என்பது பயணத்தின் கெடுவும்கூட. அதற்குப் பிறகு உட்கார்ந்தபடி வரும் பயணத்தில் கால் நீர் கோத்துக்கொள்ளும், இடுப்பு தாங்காது, வழியில் வலி எடுத்தால் இட்டார்சியில் இறங்கி யாரைத் தேடுவது என்ற கவலை வேறு. பயத்தில் நியாயம் இருந்தது. கருப்பை கால்களிலிருந்து திரும்பும் ரத்தக் குழாய்களை அழுத்துவதால் கடைசி மாதங்களில் வீக்கம் கூடும். நெடுநேரம் காலைத் தொங்கவிட்டால் இன்னும் கூடும். காலின் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் ஆபத்தும் கர்ப்பத்தில் பல மடங்கு. இன்றைய விமான நிறுவனங்கள் 32 வாரத்தை ஒட்டி டாக்டர் சான்று கேட்பதும், 36 வாரத்துக்கு மேல் பெரும்பாலும் ஏற்றாததும் அந்தப் பழைய கெடுவிலிருந்து அதிகம் விலகியவை அல்ல.

புறப்படுவதற்கு முன் வளைகாப்பு. மாதம் சாதிக்குச் சாதி மாறும்: பலருக்கு ஏழு அல்லது ஒன்பது, பிராமணக் குடும்பங்களில் ஆறிலோ எட்டிலோ சீமந்தத்தோடு சேர்த்து. சீமந்தத்தில் முள்ளம்பன்றி முள்ளால் கணவன் வகிடு எடுக்கும் சடங்கு கிருஹ்ய சூத்திரக் காலத்தது. டெல்லியில் அந்த முள்ளைப் புரோகிதர்தான் பத்திரமாக வைத்திருந்து வீடு வீடாகக் கொண்டுவர வேண்டும். வளையலுக்குக் கஷ்டமே இல்லை. கண்ணாடி வளையல் ஊரான ஃபிரோசாபாத் ஆக்ராவுக்குப் பக்கத்தில்தான். முதலில் வேப்பங்குச்சியை வளைத்த காப்பு, பிறகு பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி, கடைசியில் சித்ரான்னங்கள். வளையலோசை வயிற்றுக் குழந்தைக்குக் கேட்கும் என்று இப்போது எல்லோரும் விளக்கம் சொல்கிறார்கள். ஏழாம் மாதக் குழந்தைக்குக் காது கேட்கும் என்பது உண்மை. சடங்கு அதற்காகத்தான் ஏற்பட்டது என்பது பின்னால் ஒட்டவைத்த காரணமாகவே தோன்றுகிறது. கைநிறைய அடுக்கிய வளையல்கள் யாரும் திட்டமிடாத ஓர் உபயோகத்துக்கு ஆயின. ஏழாம் மாதத்தில் தளர்வாய் ஏறியவை ஒன்பதில் மணிக்கட்டைப் பிடித்தால், கை வீங்கியிருக்கிறது என்று பொருள்.

அந்த வீக்கத்துக்குத் தமிழ் வீட்டின் பதில் பார்லிக் கஞ்சி. பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள் சொல்வது சோம்புத் தண்ணீர். பொய்வலிக்கும் அப்படியே. கடைசி மாதங்களில் வயிறு கல்லாய் இறுகி, சற்று நேரத்தில் விட்டுவிடும். இடைவெளி சீராக இருக்காது. நடந்தாலோ படுத்தாலோ அடங்கிவிடும். தமிழில் சூட்டு வலி என்று பெயர். சீரகக் கஷாயம் கொடுத்துப் பார்ப்பார்கள். அடங்கினால் சூட்டு வலி, அடங்காவிட்டால் பிரசவ வலி. ஆங்கில மருத்துவர் ஜான் பிராக்ஸ்டன் ஹிக்ஸ் 1872-இல் இதை விவரித்து எழுதியதால் பாடப்புத்தகத்தில் அவர் பெயர் ஏறியது. கஷாயம் வலியை அடக்கியதோ இல்லையோ, அதைக் கொதிக்கவைத்துக் குடித்து முடிக்கிற நேரம், வலி சீராக வருகிறதா என்று கவனிக்கப் போதுமானதாக இருந்தது.

மௌன மாற்றங்களின் கதை வேறு. லண்டன் கைஸ் மருத்துவமனையில் ஜான் லீவர் 1843-இல், வலிப்பு கண்ட கர்ப்பிணிகளின் சிறுநீரைக் கொதிக்கவைத்தபோது அது தயிர்போலத் திரண்டது. ஆல்புமின் என்னும் புரதம் இறங்கியிருந்தது. 1896-இல் ரிவா-ரோச்சியின் ரத்த அழுத்தமானி வந்தது, 1905-இல் கொரோட்காஃப் அதை ஸ்டெதஸ்கோப்போடு இணைத்தார். அதன் பிறகுதான் பாத வீக்கம் என்ற ஒரே குறியை இரண்டாகப் பிரிக்க முடிந்தது. அழுத்தம் சரியாக இருந்து காலில் மட்டும் வீங்கி, காலையில் வடிந்தால் அது பாரத்தின் விளைவு. அழுத்தம் 140-க்கு 90-ஐத் தொட்டு, சிறுநீரில் புரதமும் இருந்து, முகமும் கையும் திடீரென்று உப்பினால் அது பிரசவ வலிப்புக்கு முந்தின கட்டம். கண் மங்குவது, விடாத தலைவலி, வலது விலாவுக்குக் கீழே வலி எல்லாம் அதற்குப் பிறகு வருபவை. பழைய நூல்கள் வலிப்பை அறிந்திருந்தன. வலிப்பு வரப்போவதை அறிய அவற்றுக்கு வழி இல்லை.

இந்த இடத்தில் கரோல் பாக்குக்கு ஒரு பங்கு உண்டு. அஜ்மல் கான் அழைப்பின் பேரில் திப்பியா கல்லூரியில் ஆராய்ச்சிப் பிரிவை அமைத்த வேதியியலர் சலீமுஸ்ஸமான் சித்திகி, சர்ப்பகந்தா வேரை ஆராய்ந்து 1931-இல் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். 1927 டிசம்பரில் மறைந்துவிட்ட ஹக்கீமின் நினைவாக அதற்கு அஜ்மலின் என்று பெயரிட்டார். அஜ்மலின் இதயத் துடிப்புக்கான மருந்தானது. அதே வேரிலிருந்து 1952-இல் ஸ்விட்சர்லாந்தில் பிரிக்கப்பட்ட ரெசர்பைன் ரத்த அழுத்தத்துக்கு உலகம் முழுவதும் போனது. இடையில், 1949-இல், பம்பாயின் ருஸ்தம் ஜால் வகீல் அந்த வேரின் பயனை ஆங்கில மருத்துவ இதழில் எழுதி உலகின் கவனத்தைத் திருப்பியிருந்தார். ஐம்பதுகளில் கர்ப்பிணிகளுக்கும் ரெசர்பைன் கொடுத்தார்கள். பிறந்த குழந்தைகள் மூக்கடைத்து, பால் குடிக்கத் தெம்பில்லாமல் கிடந்ததைக் கண்டபின் அது கைவிடப்பட்டது. அதன் இடத்துக்கு மெத்தில்டோபாவும் லபெட்டலாலும் நிஃபெடிபினும் வந்தன.

வலிப்பு வந்துவிட்டால் என்ன செய்வது என்பதில் சென்னைக்குத் தனி இடம் உண்டு. மூன்று மருந்துகளைக் கலந்து கொடுக்கும் முறையை எம். கே. கிருஷ்ண மேனன் சென்னை அனுபவத்திலிருந்து 1961-இல் வெளியிட்டார். இந்தியா முழுவதும் அதைப் பல்லாண்டு பின்பற்றினார்கள். 1995-இல் பன்னாட்டு ஆய்வு ஒன்று மக்னீசியம் சல்பேட்டே மேல் என்று காட்டிய பிறகே அது பின்வாங்கியது. ஏ. லட்சுமணசுவாமி முதலியார் 1938-இல் எழுதிய மகப்பேறு பாடநூல், பின்னர் மேனனின் பெயரும் சேர்ந்து, இன்றுவரை பதிப்பு கண்டுவருகிறது. டெல்லியில் படித்த டாக்டர்களும் பல தலைமுறையாக அதைப் படித்தவர்களே.

சோகையும் மௌனமாக வருவதே. கடைசி மூன்று மாதங்களில் ரத்தத்தின் அளவு, கர்ப்பத்துக்கு முன் இருந்ததைவிட 40 முதல் 45 சதவீதம் கூடியிருக்கும். நீர்ப்பகுதி கூடும் வேகத்துக்குச் சிவப்பணு கூடுவதில்லை. எனவே ஹீமோகுளோபின் கொஞ்சம் இறங்குவது இயற்கை. டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் கீழே போனால் அது சோகை. 1928-இல் பம்பாய்க்கு வந்த ஆங்கில ஆய்வாளர் லூசி வில்ஸ், ஆலைத் தொழிலாளர் குடும்பத்துக் கர்ப்பிணிகளின் ஒருவகைச் சோகையை ஈஸ்ட் சாறு தீர்ப்பதைக் கண்டார். பிறகு ஃபோலிக் அமிலம் என்று பெயர்பெற்றது அந்தச் சத்துதான். 1970-இல் இந்திய அரசு இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரைத் திட்டத்தைத் தொடங்கியது. மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுக்கும், வயிறு கட்டும். கர்ப்பத்தில் ஏற்கனவே குடல் மந்தம் என்பதால், வாங்கிய மாத்திரை எல்லாம் வயிற்றுக்குள் போகவில்லை. குழந்தை கறுத்துப் பிறக்கும் என்ற பயமும் பல வீடுகளில் அதைத் தடுத்தது.

1947 கரோல் பாக்கை அடியோடு மாற்றியது. முஸ்லிம் குடும்பங்களில் பல வெளியேறின. மேற்குப் பஞ்சாபிலிருந்து அகதிகள் வந்தார்கள். அவர்களோடு லாகூரின் மருத்துவமனைகளும் வந்தன. கங்காராம் 1921-இல் லாகூரில் தொடங்கிய மருத்துவமனையின் பெயரில், பக்கத்து ராஜேந்திர நகரில் 1954 ஏப்ரலில் நேரு ஒரு மருத்துவமனையைத் திறந்து வைத்தார். மகப்பேறு மருத்துவரான டாக்டர் பி. எல். கபூர், 1930-இல் லாகூரில் நடத்தத் தொடங்கிய தரும மருத்துவமனையை இழந்து, லூதியானாவில் மறுபடி ஒரு பிரசவ மருத்துவமனை அமைத்து, பிறகு டெல்லிக்கு வந்தார். பூசா ரோடில் அவர் எழுப்பிய மருத்துவமனையை 1959 ஜனவரி 2 அன்று திறந்தவரும் நேருதான். ஊரை இழந்து வந்த ஒரு பிரசவ டாக்டர், ஊரை விட்டு வந்தவர்களின் பேட்டையில் வந்து சேர்ந்தது பொருத்தம்.

அரசு ஊழியர் வீடுகளுக்கு அதைவிடப் பெரிய மாற்றம் 1954 ஜூலையில் டெல்லியில் தொடங்கிய மத்திய அரசு சுகாதாரத் திட்டம். சம்பளத்தில் சின்னத் தொகை பிடித்தம். பதிலுக்கு டிஸ்பென்சரி, மருந்து, பிரசவம். எட்டு ஆண்டு முன் வந்த, நாட்டின் சுகாதாரம் பற்றிய போர் (Bhore) கமிட்டியின் அறிக்கை, ஆண்டுதோறும் சுமார் 2 லட்சம் இந்தியப் பெண்கள் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் இறக்கிறார்கள் என்றும், 1,000 உயிர்ப்பிறப்புக்கு 20 தாய்மார் சாகிறார்கள் என்றும் மதிப்பிட்டிருந்தது. டிஸ்பென்சரியில் எடை, அழுத்தம், சிறுநீர், வயிற்றின் உயரம் நான்கையும் ஒரு காகிதத்தில் எழுதினார்கள். கடைசி மாதங்களில் மாதம் ஒரு தடவை இரண்டாகும், நிறைமாதத்தில் வாராவாரம். இத்தனை தடவை வரச் சொல்வதற்கு ஒரே காரணம், அந்த நான்கில் இரண்டு எண்கள் சொல்லாமல் ஏறுபவை என்பதுதான்.

டெல்லியிலேயே பிள்ளை பெறுவது அதற்குப் பின் பரவியது. 1976-இல் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் வந்து பயணம் குறுகியபோது பயணத்தின் திசையும் திரும்பியிருந்தது. மகள் ஊருக்குப் போவதற்குப் பதில், பிரசவ மருந்துச் சாமானும் வசம்பும் பழைய வேட்டித் துணியும் மூட்டை கட்டிக்கொண்டு தாய் டெல்லிக்கு வந்தாள். மகள்களும் ஆபீஸ் போகத் தொடங்கியிருந்தார்கள். பிரசவ விடுப்பை எண்ணி, கடைசி வாரம்வரை பஸ் ஏறிப் போய், மிச்ச நாளைக் குழந்தைக்கு வைத்துக்கொள்வது வழக்கமானது. மத்திய அரசில் அந்த விடுப்பு 180 நாளானது 2008-இல்.

அப்படி வந்த தாய்மார்கள் கொண்டுவந்த நம்பிக்கைகளில் சிலவற்றை டாக்டர்கள் விட்டுவிட்டார்கள். இரண்டை மட்டும் எதிர்த்தே பேசினார்கள். பிறக்கும் நாள் நெருங்கினால் குழந்தை அசையாமல் அடங்கிவிடும் என்பது ஒன்று. இடம் குறைவதால் உதைக்கும் விதம் மாறலாம், புரண்டு அழுத்துவதாகத் தெரியலாம். அசைவு குறைவது இயல்பே அல்ல, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய குறி. வயிற்றின் வடிவம் ஆணா பெண்ணா என்று காட்டும் என்பது இன்னொன்று. வயிறு கூர்மையாக இருப்பதும் பரந்து இருப்பதும் தாயின் வயிற்றுத் தசையையும் குழந்தை கிடக்கும் வாகையும் பொறுத்தவை. டெல்லியில் இந்த ஆவல் வயிற்றைப் பார்த்து ஊகிப்பதோடு நிற்கவில்லை, ஸ்கேன் வரை போனது. 1994-இல் சட்டம் தடுத்த பிறகு, கரோல் பாக்கின் ஒவ்வொரு ஸ்கேன் நிலையத்துச் சுவரிலும், பாலினம் சொல்வது குற்றம் என்ற பலகை தொங்குகிறது.

2016 முதல் ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை நடக்கிறது. இந்தியாவில் 2018-20 கணக்குப்படி 1 லட்சம் உயிர்ப்பிறப்புக்கு 97 தாய்மார் இறந்தார்கள். தமிழ்நாட்டில் அது 54 ஆக இருந்தது. கர்ப்பிணி கையில் கொடுக்கும் தாய்-சேய் அட்டையில் ஆபத்துக் குறிகள் படத்தோடு அச்சிடப்பட்டிருக்கின்றன. ரத்தப்போக்கு, வலிப்பு, கடும் காய்ச்சல், முகமும் உடம்பும் வீங்குதல், வலியில்லாமல் பனிக்குடம் உடைதல் ஆகியவை அவற்றுள் அடங்கும். அதே அட்டையின் கட்டங்களில் ரத்த அழுத்தமும் ஹீமோகுளோபினும் சிறுநீர்ப் பரிசோதனையும் வருகைக்கு வருகை எழுதப்படுகின்றன. திப்பியா கல்லூரியும் அதன் மருத்துவமனையும் அஜ்மல் கான் ரோடில் இன்றும் நடக்கின்றன. யுனானி, ஆயுர்வேதம் இரண்டிலும் மகப்பேறு அங்கே பாடமாக இருக்கிறது. சரகத்தின் ஏழாம் மாத வழக்கையும் ரத்த அழுத்தமானியையும் ஒரே மாணவி படிக்கிறாள்.